பறக்கும் நேரம்

“அங்க போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்மா?” ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி தாய் நர்ஸிடம் மூன்றாவது முறையாகக் கேட்டாள். நர்ஸ் சொன்ன ஊரில்தான் அவளுடைய மூத்த மகன் வேலை பார்க்கிறான்.

“பறக்குறது ஒரு மணி நேரம்தாம்மா. ரெண்டு ஊர்லயும் ரோட்டை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழி விடுறாங்க.”

“நானும் கூடப் போலாமா?”

“நீங்க இங்கதாம்மா இருக்கணும்.” நர்ஸ் அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

சின்னவன் பைக்கோடு லாரியில் மோதி மூன்று நாளாகிறது. அன்றைக்கே பெரியவனுக்குப் போன் போட்டு அழுதாள். அப்பா விட்டுப்போன வீட்டைப் பிரிக்கும்போது தம்பியோடு முறைத்துக்கொண்டவன் அவன். அந்த முறைப்பு குரலில் அப்படியே இருந்தது.

“ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல அறுநூறு கிலோமீட்டர்மா. பறக்குற நேரத்தை மட்டும் பாத்தா ஆச்சா? வீட்டுலேர்ந்து ஏர்போர்ட்டு, அங்க போய்க் காத்துக் கெடக்கணும், எறங்கி மறுபடி டாக்ஸி. ஒரு நாளே போயிடும். சனிக்கிழமை வரப் பாக்குறேன்.”

நேற்று டாக்டர் அவளை எதிரே உட்காரவைத்துப் பேசி முடித்ததும் மறுபடி கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டான். டாக்டர் காட்டிய இடத்தில் அவள் தனியாகத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆம்புலன்ஸின் அலறல் வாசலைத் தாண்டி, தேய்ந்து, அடங்கியது. சின்னவனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சிலேயே கிடந்தாள்.

சாயங்காலம் பெரியவனே கூப்பிட்டான்.

“என்னம்மா, நேத்து எதுக்குக் கூப்பிட்ட?”

“உன் தம்பியை உன் ஊருக்கு அனுப்பியாச்சுடா. பிளைட்டு இப்பத்தான் எறங்குச்சாம்.”

“இங்கயா? அப்பாடா, நல்லதாப் போச்சு! இங்க பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க. நானும் அங்க வரைக்கும் அலைய வேண்டாம்.” அவன் குரலில் நிம்மதி வழிந்தது. “எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூமு? ஆபீஸ் முடிஞ்சதும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று நாளில் அதுவும் வற்றிப்போயிருந்தது.

“வந்தது அவன் இதயம் மட்டும்தான்டா.”