படுத்துவிட்ட ஆட்டுக்குட்டி

செபாஸ்டின் வாத்தியார் சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தார். கால் பின்னியது, தலை கிறுகிறுத்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை.

“யாரும் கிட்ட வராதீங்க” என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாவு பிசைய வந்திருந்த மறைக்கல்விப் பிள்ளைகள் எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள்.

அரசு மதுவிலக்கை எடுத்து, போன வருஷம் கடத்தூரில் கள்ளுக்கடை திறந்த நாள்முதல் குடிக்கு எதிராகத் தொண்டை கிழியப் பேசுகிறவர் அவர். கோயில் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். அந்த வாய்தான் போன ஞாயிறு பூசை முடிந்ததும் சும்மா இருக்காமல், “ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி மாதிரியே இனிப்பு ரொட்டி சுட்டுத் தரேன்” என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. வெந்நீர்கூடத் தனியாக வைத்துப் பழகாத மனிதர்.

“கள்ளு ஊத்தினாத்தாங்க மாவு பொங்கும். எங்கம்மா ஆப்பத்துக்கே அதான் ஊத்தும்” என்று மனைவி ரோசம்மா சொல்லிவிட்டாள். கடைப்பக்கம் தலைகாட்ட முடியுமா? விடிந்ததும் செம்பை மேல்துண்டில் மறைத்துக்கொண்டு மரமேறி மாயவனைத் தேடிப் பனந்தோப்புக்குப் போனார்.

‘கள்ளு’ என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. செம்பை நீட்டி மரத்தைக் காட்டினார். மாயவன் மறுபேச்சில்லாமல் நிறைத்துக் கொடுத்தார்.

வழியில் ஒரு மடக்கு ருசி பார்த்தார், ரொட்டியின் நன்மைக்காகத்தான். இனித்தது. இத்தனை நாள் எதிரியைத் தெரியாமலே பேசியிருக்கிறோமே என்று இன்னொரு மடக்கு. செம்பு பாதியானபோது கால் பின்ன ஆரம்பித்தது.

மிச்சத்தை ஊற்றி, சர்க்கரை போட்டுப் பிள்ளைகள் மாவைப் பிசைந்தார்கள். ஆட்டுக்கு நாலு கால், காது, மிளகில் கண் எல்லாம் வைத்தார்கள். செம்பைக் கழுவப் போன ஞானமேரி, “சார், அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்குதுங்க” என்றாள்.

“எல்லாம் அந்தச் சனியனோட வண்டல்தான். தேச்சுக் கழுவு” என்றார், எல்லாம் தெரிந்தவர்போல.

மாவு மத்தியானம் வரை பொங்கவில்லை. தகரப் பெட்டியில் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டார்கள். திறந்தால், லாரி ஏறின மாதிரி தட்டையாகக் கிடந்தது ஆடு.

“சார், ஆடு படுத்துக்கிச்சுங்க” என்றான் சின்னவன் சவரி. அவன் கண் கலங்கியிருந்தது.

வாத்தியார் காலிச் செம்பைப் பார்த்தார். பாதியைத் தான் குடித்ததால்தானே மாவு பொங்கவில்லை? பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பு என்னுதுதான். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான் இன்னைக்குக் கள்ளு குடிச்சுட்டேன். போதையில இருக்கேன்.”

ரோசம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். வாத்தியார் காகிதமெடுத்து ராஜினாமா எழுதினார். பங்குச்சாமியிடம் ஓடிப்போய்க் கொடுக்கச் சொல்லிப் பெரிய பையனை அனுப்பினார்.

பையன் தெருமுனை திரும்பவும், மாயவன் தலையில் ஒரு பானையோடு வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“நாளைக்கு உங்க பண்டிகையாமே. புள்ளைங்க ஆளுக்கொரு டம்ளர் குடிக்கட்டும்னு கொண்டாந்தனுங்க.”

வாத்தியார் துள்ளி எழுந்தார். “பச்சப் புள்ளைங்களுக்குக் கள்ளு கொண்டாந்தியா? காலையில எனக்குக் குடுத்தது போதாதா?”

மாயவன் காதைப் பொத்திக்கொண்டார்.

“உங்களுக்குப் போயிக் கள்ளு குடுப்பனுங்களா? காலையில குடுத்ததும் இதுதாங்க, சுண்ணாம்பு போட்டு எறக்குன பதநீரு.”