தட்டினால் விட வேண்டும்

முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

இப்போது இடது கால் முன்னால் போக வேண்டுமா, பின்னால் போக வேண்டுமா?

பீளமேட்டில் வகுப்பு எடுக்கும் சார் முன்னால் என்பார். வைத்து, நின்று, கோணத்தைப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்.

சாய்பாபா காலனி சாருக்கு எண்ணினாலே கோபம் வரும். நிற்காமல் வட்டமாகப் போக வேண்டும், தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற மாதிரி. "யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று முகத்தைச் சுளிப்பார். அவள் பீளமேட்டைச் சொல்ல மாட்டாள். திருப்பூரில் ஞாயிறு வகுப்பு எடுப்பவரோ பலமே கூடாது என்கிறார். கையை வைத்தால் போதுமாம். ஆள் தானாக விழுவானாம்.

மூன்றும் ஐகிடோ என்கிற ஜப்பானியச் சண்டைக்கலைதான். மூன்றும் ஒரே முதல் பாடம்தான். கையை மடக்கி, ஆளுக்கு அடிபடாமல் குப்புறக் கிடத்துவது.

வகுப்பில் எதிரே நிற்பவர்கள் நல்லவர்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள். தொட்டதும் அழகாக விழுந்து, எழுந்து வணக்கம் வைப்பார்கள்.

கோகுல் அப்படி விழுகிறவன் இல்லை. பத்தொன்பது வயது. எண்பத்திரண்டு கிலோ. அவள் பெற்ற பிள்ளை.

பக்கத்து ஃபிளாட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் பத்தரைக்கு ஓட ஆரம்பித்தது. ஐந்தே நிமிடத்தில் அவன் சுவரில் நெற்றியை மோத ஆரம்பித்தான்.

"வேண்டாஞ் சாமி. அம்மா இருக்கேன் பாரு."

அவன் காதில் மெஷின் மட்டும்தான் இருந்தது.

எந்தக் கால் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று சாரும் சேர்ந்து திட்டியிருப்பார்கள். ஆனால் விழுந்தான். மெத்தையில்தான் விழுந்தான். ஹாலிலிருந்த சோபாவைத் தூக்கிவிட்டு மெத்தை போட்டு ஒரு வருடமாகிறது.

அவள் முட்டி போட்டு அவன் கையை அழுத்திக்கொண்டாள்.

இனிமேல்தான் அவளுக்குப் பயம்.

போன மாதம் சீக்கிரம் விட்டுவிட்டாள். எழுந்து நேராகச் சுவருக்குப் போனான். ஏழு தையல். அதற்கு முன்னால் ஒருமுறை, விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் அவனால் ஸ்பூனைத் தூக்க முடியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று டாக்டரிடம் சொன்னாள். இன்னொரு முறை காயத்தோடு வந்தால் சேர்க்க மாட்டோம் என்று அவன் போகும் ஸ்பெஷல் ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள்.

எப்போது விடுவது?

இதில் மட்டும் மூன்று சாருக்கும் சண்டை கிடையாது. கீழே கிடப்பவன் தரையை இரண்டு முறை தட்டுவான். தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். பேச்சே இல்லை.

"தட்டலீன்னா என்னங்க சார் பண்றது?" என்று பீளமேட்டில் ஒருநாள் கேட்டாள்.

"வலிச்சா எல்லாருந் தட்டுவாங்கம்மா."

ஆறு மாதம் பிஸ்கட் கொடுத்து, தரையைத் தட்டச் சொல்லித் தந்தாள். கோகுல் பிஸ்கட் டப்பாவைத் தட்டக் கற்றுக்கொண்டான்.

மெஷின் நின்றது.

அவன் முதுகு ஏறி இறங்கியது. கன்னம் மெத்தையில் அழுந்தியிருந்தது. கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. இடது கை மெத்தையைத் தாண்டித் தரையில் விரிந்து கிடந்தது.

அவள் அந்தக் கையையே பார்த்தாள்.

தட்டு கண்ணு. ஒரே ஒரு தடவை தட்டு. அம்மா விட்டுடறேன்.

கை அப்படியே கிடந்தது.

அவளுக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. அவளால் முடியவில்லை. நேற்றும் முடியவில்லை. மூன்று வகுப்பிலும் எதற்குச் சேர்கிறீர்கள் என்று கேட்டபோது தற்காப்புக்கு என்றுதான் சொல்லியிருந்தாள்.

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவள் பிடிக்குள் அவன் தோள் இறுகியது.

வலது கையால் அவன் முழங்கையை அழுத்திக்கொண்டாள். அவளுடைய இடது கை அவன் மணிக்கட்டை விட்டு எழுந்தது.

தரையைத் தட்டியது.

இரண்டு முறை.

காத்திருந்தாள்.

மறுபடியும் தட்டினாள், கொஞ்சம் பலமாக.