பலத்த கைதட்டல்

மாமியாரும் மருமகளும் மட்டும் நிற்கிற சமையலறைக் காட்சியில், 'பலத்த கைதட்டல்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால் எந்த டைரக்டர்தான் சிரிக்கமாட்டார்? "சார், கைதட்டுறது யாரு, குக்கரா?" என்றார். வசனம் எழுதிய பரிதிவாணனுக்கு முகம் சிவந்துவிட்டது. வாலிபத்தில் கட்சி மேடைகளில் பேசும்போது கைதட்டல் விழவேண்டிய இடத்தில்தான் நிறுத்தி, ஒரு வாய் சோடா குடிப்பார். பிறகு கட்சிப் பத்திரிகையில் நிருபரானதும், ஒருவருமே தட்டாத கூட்டங்களின் செய்தியிலும் 'பலத்த கைதட்டல்' என்று போட்டு அனுப்பினார். பழகிய கை, சீரியலிலும் போட்டுவிட்டது. "அந்த வரிய அடிச்சிடுங்க தம்பி" என்றார். மாமியாராக நடிக்கும் அம்சவேணி விடவில்லை. "இருக்கட்டும்ணே, நான் பாத்துக்கறேன்." டேக்கில், "நீ வேலைக்குப் போம்மா, எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நிதானமாகக் குடித்தார். டைரக்டருக்குக் கட் சொல்ல வாய் வரவில்லை.

அந்த எபிசோடு ஒளிபரப்பான சாயங்காலம், பரிதிவாணன் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தார். அம்சவேணி டம்ளரை வாயில் வைத்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், பட்பட்டென்று கைதட்டுகிற சத்தம். "கொசு அடிக்கிறாங்க" என்றாள் மனைவி, வெண்டைக்காயிலிருந்து தலை தூக்காமல். இருக்கலாம். ஆனால் அவர் வலது கை அதற்குள் மேலே எழுந்து, சுவரைப் பார்த்து, போதும் போதும் என்று கூட்டத்தை அமர்த்திக்கொண்டிருந்தது.