மாவுப்பூச்சி கேஸ்

"என்னங்க, கத்தரிச் செடியில வெள்ளை வெள்ளையா என்னமோ அப்பிக்கிட்டிருக்கு. கொஞ்சம் மாடிக்கு வந்து பாருங்களேன்."

"எனக்கு முட்டி வலிக்குது. நீயே பார்த்துக்கோ."

இன்ஸ்பெக்டர் சாய்வு நாற்காலியைவிட்டு அசையவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த நாற்காலிதான் அவருக்கு ஸ்டேஷன். திருடனைத் துரத்திச் சுவரேறிக் குதித்த மனுஷன், இப்போது தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருப்பதில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "உடம்பு வளையணும் சார். அடுத்த டெஸ்ட்ல சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊசியைவிட அவர் மனைவியை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. அவர் கோபப்படுவதைக்கூட நிறுத்திவிட்டார். காப்பியில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பாள். வாக்கிங் போகச் சொல்லிக் கெஞ்சினாள், அழுதாள். ம்ஹூம்.

"சரி, விடுங்க. நேத்து சாயங்காலம்கூட ஒண்ணுமில்லை. ராத்திரியோட ராத்திரியா ஏறியிருக்கு. ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே இவ்வளவு துணிச்சலா வருதுன்னா..." என்று இழுத்தாள்.

மீசை லேசாக அசைந்தது. "என் வீட்டுக்கா?"

படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு வழியாக மாடிக்கு வந்து சேர்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி.

"கடையில ஒரு விஷத்தை வாங்கி அடிச்சா ஒரே நாள்ல காலி."

"சமையலுக்குப் பறிக்கிற காய்ங்க. விஷமெல்லாம் கூடாது, வீட்டு மருந்துதான். சோப்பைச் சீவித் தண்ணியில கரைச்சு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால கிளை கிளையா தேய்க்கணும். குனிஞ்சு குனிஞ்சு இலைக்கு அடியில அடிக்கணும். உங்களால முடியாது. நான் ஒரு ஆளை வச்சுப் பார்த்துக்கறேன்."

"யாரால முடியாது?"

அன்றைக்குக் கேஸ் திறந்தது.

சோப்புத் தண்ணீரில் பூச்சி சுத்தமாகப் போனது. இன்ஸ்பெக்டர் வெற்றி வீரராகக் கீழே இறங்கினார். சில நாளில் பக்கத்துத் தொட்டி மிளகாய்ச் செடியில் மறுபடியும் வெள்ளை.

"ஜாமீன்ல வந்துட்டானுங்க இவளே! பூண்டு எங்கே? பச்சை மிளகாய் எங்கே?"

அவரே அரைத்தார், அவரே துணியில் வடிகட்டினார், அதே கையால் கண்ணையும் கசக்கிக்கொண்டார். அவர் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு குடும்பமே எட்டிப் பார்த்தது. அந்தக் கூச்சலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவர் மனைவி சமையலறையில் நின்று சிரித்தாள்.

பூண்டுக் கரைசலுக்குப் பிறகு வேப்பெண்ணெய். ஒவ்வொரு முறையும் பூச்சி ஒழியும், இவர் மார்தட்டுவார், ஒரு வாரம்கூடத் தாங்காது. பிறகு எறும்புகள்மேல் சந்தேகம் விழுந்தது. "எறும்புதான் இதுங்களைத் தூக்கிட்டு வந்து குடி வைக்குது" என்று ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றினார். வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது இப்போதெல்லாம் நடுவில் நிற்பதே இல்லை.

அதையும் மீறிப் பூச்சி வந்தது. செடிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்.

"அகழியைத் தாண்டி எப்படி வந்துச்சு?"

"இலையிலேயே முட்டை இருந்திருக்கும்" என்றாள் அவசரமாக.

"முட்டையா? சரி, அந்த வேப்பெண்ணெயைக் கொண்டா."

டெஸ்ட் நாள் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார்.

"ஊசி வேண்டாம் சார். மாத்திரையையும் குறைச்சிடலாம். எந்த ஜிம்முக்குப் போறீங்க?"

"ஜிம்மா? ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டேன் டாக்டர். பெரிய கேஸ்!"

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை மாடியிலிருந்து குரல் வந்தது. "இவளே! இலை இலையா அலசிட்டேன். ஒண்ணுகூட இல்லை. கேஸ் குளோஸ்!"

கீழே இறங்கி வந்தவர் நேராகச் சாய்வு நாற்காலிக்குப் போய்க் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் அவர் குறட்டை விடும்வரை காத்திருந்தாள். ஒரு டிபன் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கும் செடிக் கடைக்கு ஓடினாள்.

"வழக்கம்போல ஒரு கிளை குடும்மா, நல்லா மாவுப்பூச்சி பிடிச்சதா. எல்லாத்தையும் ஒழிச்சிட்டு மறுபடி நாற்காலியில சாய்ஞ்சிட்டார். இன்னிக்கு ராத்திரியே செடியில ஏத்தி விடணும்."

கடைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"தயாரா எடுத்து வச்சிருக்கேன்கா. விடிஞ்சதும் சார் நடந்தே இங்க வந்தார். 'இன்னிக்குக் கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லப்போறேன், உங்கக்கா பதறிப்போய் டப்பாவோட ஓடி வருவா. காக்க வைக்காம நல்ல கிளையா பார்த்துக் குடு'ன்னு சொல்லிட்டுப் போனார்."