மணி படித்துவிட்ட நாவல்

'ஏழாம் ஆழத்து ராணி' நாவலைப் படித்து முடித்துவிட்டதாக மணி வயர்லெஸ்ஸில் சொன்னதும் பாஸ்கருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு நாவலே உலகத்தில் கிடையாது.

பாஸ்கர் விசைப்படகு டிரைவர். வலையை இறக்கிவிட்டால் மூன்று மணி நேரம் அதை இழுத்துக்கொண்டே போக வேண்டும். சும்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்வான்? மாயாஜாலக் கதை படிப்பான். கல்மண்டபத்துப் பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய, அட்டை கிழிந்த புத்தகங்கள் கேபினில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும். படகில் மற்றவர்களுக்கு ரம்மிதான் உயிர். அவர்களிடம் போய்ப் பறக்கும் குதிரையைப் பற்றி வாயைத் திறந்தால் மானத்தை வாங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் வயர்லெஸ்ஸில் மணி கிடைத்தான். வேறு ஏதோ படகின் டிரைவர். எட்டு மாதமாக உச்சி வெயில் நேரத்தில் இருவரும் கதைகளை மாற்றி மாற்றிச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். கரையில் ஒரு தடவைகூட முகம் பார்த்ததில்லை. பாஸ்கர் காசிமேட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் மணியின் படகு கடலில்தான் இருக்கும்.

ஒரே ஒரு எரிச்சல். பாஸ்கர் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் மணி அதை ஏற்கெனவே படித்திருப்பான். சொல்லி வாய் மூடுவதற்குள் கதையின் முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். படிக்கிறவனுக்குத்தான் தெரியும், அது எப்படிப்பட்ட அடி என்று.

பொறுத்துப் பார்த்த பாஸ்கர், போன வாரம் தானே ஒரு நாவலை அள்ளிவிட்டான். கடலுக்கடியில் ஒரு ராணி. வலையோடு வலையாக மேலே வருவாள். படகிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் ஒருவன்மேல் கண் வைத்துவிட்டால், எஞ்சின் ஓடாமலேயே அவன் படகு தானாகத் திரும்பும். இவ்வளவுதான் சொன்னான். மீதியை நீயே தேடிப் படித்துக்கொள் என்று பெரிய மனுஷன் மாதிரி மைக்கை வைத்துவிட்டான்.

இப்போது படித்துவிட்டானாம், புளுகன்! கையும் களவுமாக மாட்டினான்.

எந்த இடம் பிடித்தது என்று பாஸ்கர் மெல்ல நோண்டினான்.

"பதினோராம் அத்தியாயம்தான் தலிவா. வலைய மேல தூக்கசொல்லோ, டிரைவரோட தம்பிய எடுக்க வருவா பாரு. கல்யாணம் ஆயி நாப்பது நாளுதான். மஞ்ச பனியன் போட்டுகினு ஓரத்துல குனிஞ்சி நிப்பான். எனுக்கு அழுகையே வந்துட்ச்சிபா."

பாஸ்கரின் சிரிப்பு நின்றது.

தம்பி என்று ஒருவனை அவன் சொல்லவே இல்லை. கதையைக் கட்டிய அன்று, டிரைவருக்கு ஒரு தம்பி இருக்கட்டும், ராணி அவனைக் கேட்கட்டும் என்று மனதுக்குள் ஒரு யோசனை ஓடியது உண்மை. ஓடிய வேகத்திலேயே சீச்சீ என்று தலையில் அடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டான். சொந்தத் தம்பி பொன்ராஜை அதே படகில் வைத்துக்கொண்டு அப்படி யோசிக்கலாமா?

பொன்ராஜுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்.

பின்னால் வின்ச் உறுமத் தொடங்கியது. வலை ஏறுகிற நேரம். பாஸ்கர் திரும்பிப் பார்த்தான். படகின் பின் ஓரத்தில், மஞ்சள் பனியனோடு, பொன்ராஜ் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். பாஸ்கர் எஞ்சினை அணைத்தான். கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தம்பியை ஒரே தள்ளாக உள்ளே தள்ளிவிட்டு, வலையின் இரண்டு கயிறுகளையும் வெறி பிடித்தவன்போல வெட்டினான். தண்ணீருக்கடியில் வெள்ளையாக ஏதோ திரண்டு வந்துகொண்டிருந்தது. மீன்தான் என்று நினைத்துக்கொண்டான். கயிறு அறுந்ததும் அது வலையோடு கீழே போயிற்று.

"இன்னா ண்ணா, பைத்தியமா புட்ச்சிகீது? புது வலை! ஓனரு தோலை உரிச்சிடுவாரு!"

பொன்ராஜ் கத்தினான். பாஸ்கர் தம்பியின் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். திட்ட வந்த மற்ற ஆட்களும் ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டார்கள். வலை போனால் போகட்டும், தம்பி இருக்கிறான். அது போதும் அவனுக்கு.

கேபினுக்குத் திரும்பி மைக்கை எடுத்தான். குரலில் கொஞ்சம் கெத்து இருந்தது. நீ படித்தது தப்பு, அண்ணன் வலையை அறுத்துவிட்டான், தம்பி சாகவில்லை என்றான்.

மணி கொஞ்சமும் அசரவில்லை.

"தம்பி சாவான்னு நான் எப்பபா சொன்னேன்? அவன் பொயச்சிக்குவான். ரெண்டாம் பாகம் நீ படிக்கலியா? அது அண்ணங்காரன் கதையாச்சே."

பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தான்.

எஞ்சின் அணைந்துதான் கிடந்தது. காற்று துளிகூட இல்லை. இவ்வளவு நேரமாகக் கண்ணாடிக்கு நேரே கரையில் தெரிந்துகொண்டிருந்த எண்ணூர்ப் புகைபோக்கிகள், ஒவ்வொன்றாக மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறைந்தன. எதிரே வெறும் கடல் மட்டும் இருந்தது.