பத்தேகாலுக்கு ஏறும் கோடு

"உண்மையைச் சொல்லுய்யா. மேல போய் சிகரெட் பிடிக்கிறியா?"

"அந்தப் பழக்கமே இல்ல சார்," என்றார் வாட்ச்மேன்.

அதிகாரிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஊர்க்காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி மொட்டை மாடியில் இருக்கிறது. அளவு கீழே ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோடாக வரும். ஒரு மாதமாகப் பத்தேகாலுக்குக் கோடு ஜிவ்வென்று ஏறுகிறது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

"அப்ப டீ போடறே."

"ஸ்டவ்வைத்தான் போன வாரமே பிடுங்கிட்டீங்களே சார்."

"தினமும் எனக்கு முன்னாடி ஏறிப் போய்க் கதவைத் திறக்கிறது நீதானே? வேற யார் மேல சந்தேகப்படறது? உன்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி லெட்டர் ரெடி."

"இந்த வயசுல வேற யாரு சார் வேலை தருவாங்க?"

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும். நட, இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன்."

கோடு ஏறியதும் போன் பண்ணும்படி உதவியாளர் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். லிப்ட் ஒரு மாதமாக ரிப்பேர். ஐந்து மாடி ஏறியதில் நாக்குத் தள்ளியது. தினமும் செய்வதுபோல நேரே கருவியிடம் போனார். காற்று உறிஞ்சும் குழாய்மேல் குனிந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எரிச்சலில் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

போன் அடித்தது.

"சார், ஏறுது."

சுற்றிலும் பார்த்தார். புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

"இன்னொண்ணு சார். பழைய கோடெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீங்க லீவு போட்ட நாலு நாளும் ஏறவே இல்ல."

அதிகாரி குழாயிலிருந்து நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில், அவரே சிவப்பு மையில் எழுதி மாட்டிய போர்டு தொங்கியது: 'குழாய் அருகே மூச்சு விடாதே. வாயைத் திறக்காதே.'

பக்கத்தில் வாட்ச்மேன் கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். மெல்லப் பின்னால் நடந்து, கதவருகே போன பிறகுதான் மூச்சு விட்டார்.

அதிகாரிக்கு அவமானமாக இருந்தது. "தெரிஞ்சுமா ஒரு மாசம் சும்மா இருந்தே? சொல்லியிருக்கலாமேய்யா."

"தினமும் சொல்ல வந்தேன் சார். போர்டைக் காட்டி வாயை மூடுன்னு நீங்கதான் சொன்னீங்க."