ஓலைத்தொப்பிக்காரன்

மலர்கொடி சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டாள். ஓலைத்தொப்பிக்காரன் மறுபடியும் வந்துவிட்டான். கல்லறை வரிசைக்கு அந்தப் பக்கம், மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவளையே பார்த்தபடி நின்றான்.

நெய்வேலியில் ஒரே பிளாக்கைச் சேர்ந்த ஐந்தாறு குடும்பங்கள் சனி ஞாயிறை ஒட்டித் தாய்லாந்து கிளம்பியிருந்தன. வாய்க்கு ருசியாகச் சாப்பிட, நாலு இடம் பார்க்க, போர்க்காலத்துச் சரித்திரமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள. ஆனால் காஞ்சனபுரியில் இறங்கியதிலிருந்து மலர்கொடியின் கண்ணில் இந்த ஆளைத் தவிர வேறெதுவும் படவில்லை.

காலையில் சாப்பாட்டுக் கடையில் ஆரம்பித்த வினை அது. முந்திரி போட்டு வதக்கிய கோழியை ஒரு வாய் மென்றுவிட்டு, "இதெல்லாம் எங்க முத்தாண்டிக்குப்பத்து முந்திரிக்கு ஒற போடக் காணாது" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னாள். பிறந்த ஊர் என்றால் அவளுக்குக் குரல் தானாக உயரும். எதிர் மேசைக் கிழவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

வெயிலில் கறுத்த முகம், தலையில் ஓலைத்தொப்பி. அந்த நேரம் பார்த்துச் சங்கிலி சேலைக்கு வெளியே கிடந்தது. பிறகு சந்தைக்குப் போனால் சந்தையில் நின்றான், பழக்கடைக்குப் போனால் பழக்கடையில் நின்றான்.

போன வருடம் டவுன்ஷிப்பில் வாக்கிங் போனபோது, வழி கேட்பதுபோல் வந்த ஒருவன் அவள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். கழுத்தில் தழும்பு இன்னும் மறையவில்லை. இப்போது போட்டிருப்பது மகன் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்துச் செய்து போட்டது. இதையும் பறிகொடுத்துவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஏங்க, அந்தத் தொப்பிக்காரன் என் கழுத்தையே பாத்துகினு வரான்."

கணவர் கொளஞ்சிநாதன் மைன்ஸில் ராட்சத மெஷின் ஓட்டுகிறவர். மண் சரிந்தாலும் அசராத ஆள். "பாத்தா பாத்துட்டுப் போறான். நீ கத்தாத."

"கத்துனா என்ன? அவனுக்குத் தமிழா தெரியப்போவுது? முழியப் பாருங்க, திருட்டு முழி. இன்னிக்கு ஒரு சங்கிலியோட வரேன்னு வூட்டுல சொல்லிட்டு வந்திருப்பான்."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். மரத்தடியில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்களைக் கூட்டி வந்த வளவன் கல்லறைகளைக் காட்டினான். "சப்பான்காரன் ரயில் பாதை போடப் புடிச்சாந்த வெள்ளக்காரச் சிப்பாய்ங்க இவங்கெல்லாம். மலேயா தோட்டத்துல வேல செஞ்ச நம்ம தமிழாளுங்களையும் கூட்டம் கூட்டமா ஏத்தியாந்தான். எத்தினியோ பேரு இங்கியே செத்துப்போனாங்க."

"நம்மாளுங்க கல்லு எங்க தம்பி?" என்றாள் மலர்கொடி.

"அவங்களுக்கு இங்க கல்லு இல்லக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். தொப்பிக்காரன் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்றான்.

சாயங்காலம் எல்லோரும் ஆற்றுப் பாலத்தில் ஏறினார்கள். சண்டைக் காலத்தில் போட்ட இரும்புப் பாலம். அதில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது, ரயில் இல்லாத நேரத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசையில் கொளஞ்சிநாதன் முன்னால் போய்விட்டார்.

ஊதல் சத்தம் கேட்டது. நாள் தவறாமல் ஷிஃப்ட் சங்கு கேட்டுப் பழகிய காது. ஊதினால் நகர வேண்டும் என்று மலர்கொடிக்குத் தோன்றவே இல்லை. "ரயில் வருதுக்கா, ஓரத்து மேடையில ஏறிக்குங்க" என்று வளவன் கத்தியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியிருந்தார்கள்.

அவள் ஓடிப்போய் ஒரு சின்ன மேடையில் ஏறினாள். இரண்டு பேர் நிற்க இடமிருந்தது. இரண்டாவது ஆளாகத் தொப்பிக்காரன் வந்து ஏறினான்.

முன்னால் ரயில், கீழே ஆறு, பக்கத்தில் அவன். மலர்கொடிக்குக் குலசாமி பெயர்கூட வாயில் வரவில்லை. இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஜின் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அந்த நொடி அவன் பாய்ந்து அவள் முந்தானையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். அவள் அலறிய அலறலை ரயில் விழுங்கிக்கொண்டு போனது.

கடைசிப் பெட்டி கடந்ததும் அவன் முந்தானையை விட்டான். அதற்குள் கொளஞ்சிநாதன் தடதடவென்று ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"விடாதீங்க, சங்கிலிக்குத்தான் கைய நீட்டுனான். போலீஸக் கூப்புடச் சொல்லுங்க வளவன" என்று மலர்கொடி அழுதாள். அழுதபடியே கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். அதன் நுனியில் ரயில் கிரீஸ் ஒரு முழ நீளத்துக்கு அப்பியிருந்தது. ஓரம் கிழிந்து தொங்கியது.

கிழவன் திமிறவில்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். எப்போதோ படித்த பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"எங்கப்பாவுக்கும்... முத்தாண்டிக்குப்பந்தாம்மா."